தாலிக்கொடியிலை ராசாவின்ரை கோட்டை

தம்பி,

நானும் உன்னைப் பெத்த கொப்பரும் சுகம். கொப்பர் பின்னேரத்திலை வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடக்கிறார், நான் குசினிக்கும் வாசலுக்கும் இடையிலை நடக்கிறன். நீ சுகமோ எண்டு நான் கேக்கப்போறேல்லை. வரப்போற மாமனாருக்குப் பக்கம் பக்கமா இங்கிலீசிலை கடிதம் எழுதுற அளவுக்குப் பதுளையிலை உனக்குக் கை ஓடுது, அதிலையிருந்தே உன்ரை சுகம் விளங்குது. அந்தக் கடிதத்தை அவர் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து, எங்கட விறாந்தையிலை கதிரையைப் போட்டிருந்து, கொப்பருக்கு வாசிச்சுக் காட்டினவர். உள்ளுக்கை நிக்கிற எனக்கும் கேக்கட்டும் எண்டு நல்ல சத்தமாத் தான் வாசிச்சவர். "ஐ ஆம் டீப்லி ஹொனர்ட், சேர்" எண்டு எழுதியிருக்கிறாய். எனக்கு இங்கிலீசு தெரியாதெண்டு அவருக்கு நினைப்பு. மிஷன் பள்ளிக்கூடத்து வாங்கிலை இருந்து எழும்பினவளுக்கு அவ்வளவும் விளங்காதோ? வாசிச்சு முடிய, கொப்பர் தலையை ஆட்டி ஆட்டி "நல்ல வடிவா எழுதியிருக்கிறான்" எண்டார். ரெண்டு பேரையும் பிடிச்சுப் படலைக்கு வெளியிலை தள்ளவேணும் போலை கிடந்தது. கையிலை தேத்தண்ணித் தட்டு இருந்தபடியால் விட்டிட்டன்.

அந்த மனிசன் உனக்கு என்ன எழுதினவர், என்னத்தை எழுதாமல் விட்டவர் எண்டது எனக்குத் தெரியாது. ஆனபடியால் நான் முதலிலையிருந்து சொல்லுறன், பொறுமையா வாசி. தாலி எங்கட வீட்டாலை, கொடியும் எங்கட வீட்டாலை. இது நான் கண்டுபிடிச்ச சட்டம் இல்லை. மாப்பிளை வீட்டிலை நல்ல நேரம் பாத்துப் பொன்னுருக்கி, அந்தப் பொன்னிலை தாலி செய்து, கொடியிலை தாலிக்கு ரெண்டு பக்கமும் பவுண் காசு கோத்து, மாப்பிளை கட்டுறது. செட்டியார் தெரு நகைப் பத்தர் கொடியை முடிச்சுத் தந்திட்டார். காசு கோக்கிற இடம் ரெண்டும் தான் வெறுமையாக் கிடக்கு. அதுக்கெண்டு நான் பவுண் ரெண்டு வாங்கி வைச்சிருக்கிறன். இந்த நேரத்திலை உன்ரை மாமனார் முதலியார் மோட்டாரிலை வந்து இறங்கி, நீலப் பட்டு வைச்ச பெட்டி ஒண்டை மேசையிலை வைச்சு, மந்திரவாதி மாதிரி மூடியைத் திறக்கிறார். உள்ளுக்கை ராசாவின்ரை வெள்ளிவிழா ஜுபிலிக்கு இலண்டனிலை அடிச்ச தங்கக் காசு ரெண்டு. ஒண்டின்ரை முதுகிலை ராசா இருக்கிற விண்ட்சர்க் கோட்டை. மற்றதிலை தேம்ஸ் ஆத்தங்கரை மணிக்கூட்டுக் கோபுரம். "இந்த ரெண்டும் பிள்ளையின்ரை கொடியிலை வரவேணும். கொழும்பிலை ஒருத்தியின்ரை கழுத்திலையும் இப்பிடி இராது" எண்டார். "துளை போட்டெல்லோ கோக்க வேணும்" எண்டன் நான். மனிசன் துடிச்சுப் போச்சு. துளை போடக்கூடாதாம். விளிம்பிலை வளையம் கட்டி, ஒரு கீறலும் விழாமல் கோக்கவேணுமாம். விக்கக் கூடாதாம், ஈடு வைக்கக் கூடாதாம், ஒரு காலமும் உருக்கக் கூடாதாம். வருஷத்துக்கு ஒருக்கா ராசாவின்ரை பிறந்த நாளுக்குப் பெட்டை கொட்டாஞ்சேனைக்கு வந்து, தகப்பனுக்கு அதைக் காட்டிப்போட்டுப் போகவேணுமாம். பெட்டியை எங்களிட்டை விட்டிட்டுப் போட்டார், நீயும் இதுக்கெல்லாம் ஓம் எண்டு எழுதிப்போட்டாய். என்ரை மருமகள் என்ன, அவற்றை கண்ணாடி அலுமாரியோ?

பொம்பிளை பாக்கப் போன அண்டு உனக்கு லீவு கிடைக்கேல்லை. அதாலை அவர் காசு அடுக்கி வைச்சிருக்கிற அந்தக் கண்ணாடி அலுமாரியை நீ காணேல்லை. கண்டிருந்தால் ஒருவேளை இன்னும் நீளமாக் கடிதம் எழுதியிருப்பாய். கொட்டாஞ்சேனையிலை மேல்மாடி வைச்ச வீடு, நல்ல பெரிய வீடு தான், பகல் பதினொரு மணிக்கு உள்ளுக்கை விளக்குக் கொளுத்தியிருக்கு. யன்னல் எல்லாம் பூட்டு. மேல் விறாந்தையைத் திறந்தால் துறைமுகமும் கப்பலும் தெரியும், கோயில் மணி கேக்கும், காத்து அள்ளிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தை அவர் பலகை வைச்சு ஆணி அடிச்சிருக்கிறார். ஏனெண்டால் வெயில் பட்டால் காசு வைச்ச பட்டுத் துணி நிறம் மங்கிப் போகுமாம். அந்த இருட்டுக்கை நிண்டு, காசுக்கு மேலை பிடிக்கச் சொல்லிப் பூதக்கண்ணாடி ஒண்டைக் கொப்பரின்ரை கையிலை குடுத்து, "இந்தக் கோபுரத்துக்கு இடப்பக்கம் யன்னல் எத்தினை எண்டு எண்ணுங்கோ பாப்பம்" எண்டார். கொப்பர் எண்ணினவர்! மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, வேட்டித் தலைப்பாலை துடைச்சு, திரும்பப் போட்டு எண்ணினவர். தன்ரை வீட்டு யன்னலுக்கு ஆணி அடிச்சுப்போட்டு, ஆரோ ராசாவின்ரை வீட்டு யன்னலை எண்ணுற மனிசனை நான் அண்டைக்குத் தான் கண்டனான். "நீங்கள் அங்கை போயிருக்கிறியளோ?" எண்டு கேட்டன். "போய்ப் பாக்கத் தேவையில்லை. எந்த வாசலாலை போய் எந்தப் படியிலை ஏறுறது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்" எண்டார். சரியெண்டு நான், "பிள்ளை எதுவரைக்கும் படிச்சது?" எண்டு கேட்டன். முதலியார் உள்ளுக்கை பாத்து, "பரிமளம் எந்த வகுப்போடை நிண்டது?" எண்டு தன்ரை மச்சாளிட்டைக் கேட்டார். அவருக்குத் தெரியேல்லை, தம்பி. ஒரே பிள்ளை.

எனக்கு எழுதின கடிதத்திலை நீ கெட்டிக்காரத்தனமா ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். "அம்மா, உங்கட கொடியிலையும் பழைய மகாராணியின்ரை தலை கிடக்குது தானே, அதைச் சுமக்கிறியள், இதைச் சுமந்தால் என்ன?" எண்டு. ஆஹா, அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தன் எண்டால் இப்பிடித் தான் மடக்கவேணும். ஓம், கிடக்கு. அது ஆரின்ரை தலை எண்டு நான் ஒரு நாளும் திருப்பிப் பாத்ததில்லை. பவுண் எண்டு தான் போட்டனான். நீ நெருப்புக் காய்ச்சலிலை கண் திறக்காமல் கிடந்த கிழமை, அதிலை ஒண்டு கழண்டு செட்டியார் தெருவுக்குப் போனது. டொக்டராயும் மருந்தாயும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நீ எழும்பிக் கஞ்சி குடிச்ச பிறகு, வேறை ஒண்டு வாங்கிக் கோத்தம். அதிலை வேறை ஒரு ராசாவின்ரை தலை. ராணி போய்த் தாடி வந்துதே தவிர எனக்கொண்டும் மாறேல்லை. ஆபத்துக்குக் கழட்டத் தான் கழுத்திலை காசு கோக்கிறது. எங்கட செப்புச் சதத்திலை ஒரு மரம் கிடக்குதே, அது பனையோ தாளிப்பனையோ எண்டு கொப்பரும் சிநேகிதரும் பனையெண்டால் ராசா யாழ்ப்பாணத்தானுக்கு மரியாதை செய்திட்டார் எண்ட கணக்கிலை இந்த விறாந்தையிலை இருந்து தொண்டை கிழியக் கத்துவினம். பனையெண்டால் என்ன, கமுகெண்டால் என்ன? குடுத்தால் மூலைக் கடைச் சிங்களப் பெடியன் வெங்காயம் தருவான், நான் கறி வைப்பன். முதலியாரின்ரை காசைக் குடுத்து ஒரு பிடி கீரை வாங்கேலாது. வீட்டிலை ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அதைக் கழட்டேலாது. அதுக்குப் பேர் காசோ? விசர்க் கதை கதையாதை.

நீ இப்பிடி வருவாய் எண்டு எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்க வேணும். பெரிய சண்டை முடிஞ்ச வருஷம் பள்ளிக்கூடத்திலை உங்களுக்கெல்லாம் பித்தளையிலை ஒரு வில்லை குத்தி விட்டினம், ஞாபகமோ? ஒரு பக்கம் ராசா, மற்றப் பக்கம் ஏதோ ஒரு வாசல் வளைவு. அதைக் குத்திக்கொண்டு காலிமுகத் திடலிலை வெயிலிலை நிண்டு, பாட்டுப் பாடி, மயங்கி விழுந்து, றிக்‌ஷாவிலை வந்து இறங்கினாய். இறங்கின உடனை தண்ணி கேக்கேல்லை. "அம்மா, இது எந்த ஊரிலை இருக்கிற வாசல்?" எண்டு கேட்டாய். பிறகு நித்திரைக்கும் கழட்டமாட்டன் எண்டாய். சட்டை முழுக்கப் பச்சைக் களிம்பு. நான் தான் அதைக் கழட்டிக் கால்வாயிலை எறிஞ்சனான். நீ பெரிய ஒப்பாரி வைச்சாய், கொப்பர் என்னை ராசத் துரோகி எண்டு சொல்லி அண்டைக்குச் சோறு தின்னேல்லை. எனக்கு அதிலை ஒரு மனக்குறையும் இல்லை, இண்டைக்கும் எறிவன். எறிஞ்சது போதாமல் போச்சே எண்டது தான் கவலை. களிம்பு சட்டையோடை நிண்டுது எண்டு நான் நினைச்சனான். அது உள்ளுக்கையும் போயிருக்கு.

கொப்பரை நான் குறை சொல்லேல்லை. அவர் நல்ல மனிசன், ஆனால் பெரிய கட்டிடத்தைக் கண்டால் முதுகு தானா வளையும். ஒரு இளவரசர் கப்பலிலை வந்த முறை, கோட்டும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, விடியவெள்ளன இறங்குதுறைக்குப் போனவர். பின்னேரம் தோல் உரிஞ்சு வந்து, "இறகைக் கண்டனான்" எண்டார். என்ன இறகு? இளவரசரின்ரை தொப்பியிலை குத்தியிருந்த இறகாம். மனிசனைக் காணேல்லை, இறகைக் கண்டவர். அந்த இறகைப் பற்றிப் பாமன்கடையிலையிருந்து கிருலப்பனை வரைக்கும் வீடு வீடாப் போய்ச் சொன்னவர். நான் சிரிச்சுச் சிரிச்சுக் களைச்சுப் போனன். ஆனால் அவர் அந்த இறகைக் கொண்டுவந்து என்ரை தலையிலை குத்தேல்லை, கண்டியோ? தன்ரை விசரைத் தன்னோடை வைச்சிருந்தவர். நீ அப்பிடி இல்லை. உன்ரை மரியாதையை எழுதிக் குடுத்துப்போட்டு, சுமக்கிறதுக்கு இன்னொருத்தியின்ரை கழுத்தைக் காட்டியிருக்கிறாய். கொப்பரை விட நீ கீழை போயிட்டாய் எண்டு எழுத எனக்குச் சந்தோசமோ?

ஏன் ஓம் எண்டனீ எண்டதும் எனக்குத் தெரியும். கொழும்புக்கு மாற்றம் எடுத்துத் தாறன், பெரிய கந்தோரிலை எனக்கு ஆள் இருக்கு எண்டு அந்தாள் சொல்லியிருக்கும். பதுளைக் குளிரிலை உனக்கு மூட்டு நோகுது, தனிச் சமையல், நுளம்பு, அட்டை, எல்லாம் எழுதுறாய். நான் கல்லோ, எனக்குக் கவலை இல்லையோ? பக்கத்து அறையிலை நீ இருமினால் எனக்குக் கேக்கவேணும் எண்டு தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒண்டு கேள். மாற்றம் எடுத்துத் தாறவன் அதோடை விடுவான் எண்டு நினைக்கிறியோ? இண்டைக்குக் கொடியிலை கோட்டை. நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு ராசாவின்ரை பேர். அதுக்குப் பிறகு உன்ரை யன்னலுக்கும் ஆணி. நீ ஒவ்வொண்டுக்கும் "டீப்லி ஹொனர்ட்" எண்டு எழுதிக்கொண்டிரு.

இவ்வளவும் என்ரை கோவம். இது மட்டும் எண்டால் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டன், நீ வந்த பிறகு நேரிலை ஏசியிருப்பன். இனித் தான் விசயம். போன புதன்கிழமை கூறைச்சேலை எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனனாங்கள். கொட்டாஞ்சேனையிலையிருந்து பரிமளமும் அவளின்ரை சின்னம்மாவும் வந்தவை. தாய் செத்த பிறகு அந்த வீட்டிலை சமைச்சுக்கொண்டு இருக்கிற சின்னம்மா தான், முதலியார் வகுப்புக் கேட்ட அதே மனிசி. கடைக்கார முஸ்லிம் நானா சேலையை விரிச்சு விரிச்சு, "இத பாருங்க உம்மா, இந்தச் செவப்பு மருமகப் புள்ளைக்கி எடுப்பா இரிக்கும்" எண்டு கதைச்சுக்கொண்டிருந்தவர், மேல் தட்டிலை இன்னொரு கட்டு இருக்கெண்டு எடுக்கப் போனார். பெட்டை அதுவரைக்கும் வாய் திறக்கேல்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தது. எனக்கு உள்ளுக்கை ஒரு நினைப்பு, இது வாயில்லாப் பூச்சி, தகப்பன் பூட்டி வைச்சு வளர்த்த பொம்மை எண்டு. அப்ப தான் மெல்ல, "மாமி, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கமாட்டியளே?" எண்டாள்.

"கேள் பிள்ளை" எண்டன்.

"அப்பாவின்ரை காசு ரெண்டையும் எனக்குக் கோக்காதேங்கோ."

"எனக்கும் விருப்பமில்லை. திருப்பி அனுப்பிவிடுறன்" எண்டன் நான், பெரிய வீராப்பா.

"அனுப்பவும் வேண்டாம், மாமி. உருக்கிப் போடுங்கோ."

எனக்கு விளங்கேல்லை. "உன்ரை கொப்பரின்ரை பொன் எங்களுக்கெதுக்கு? தாலிக்குப் பொன் இல்லாத வீடெண்டு நினைச்சியோ?" எண்டு கொஞ்சம் சூடாத் தான் கேட்டன். அவள் சேலைத் தலைப்பை விரலிலை சுத்திக்கொண்டு, குரல் எழும்பாமல் சொன்னாள். "அது அவற்றை பொன் இல்லை. அம்மாவின்ரை கழுத்து அட்டியல். அம்மா சாகக் கிடக்கேக்கை கழட்டி என்ரை கையிலை தந்தவ. பத்திரமா வைக்கிறன் எண்டு அப்பா வாங்கினவர். ஜுபிலிக்கு இலண்டனுக்கு எழுதி இந்த ரெண்டையும் எடுக்க அதை வித்துப் போட்டார். கவர்ணர் தந்தது எண்டு வாறவைக்குச் சொல்லுறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தான் அதைப் பஞ்சு வைச்சுத் துடைச்சு வந்தனான், மாமி." நான் சின்னம்மாவைப் பாத்தன். மனிசி அழுதுகொண்டு, "ஓம் அக்கா, என்ரை அக்காவின்ரை அட்டியல் தான். நான் வாய் திறந்தால் எனக்கு அந்த வீட்டிலை இடமில்லை" எண்டாள்.

தம்பி, செத்தவளின்ரை அட்டியலைப் பிடுங்கி, கோட்டை வாங்கி, அதைப் பிள்ளைக்குத் தன்ரை பரிசெண்டு நீட்டுறதுக்கு ஒரு மனிசனுக்கு எப்பிடியடா முகம் வந்தது? அதுக்கு மேலை கீறல் விழக்கூடாதெண்டு நிபந்தனை வேறை! துலைஞ்சு போற முதலியார்! அந்தப் பட்டமும் பெட்டியும் அவற்றை பூதக்கண்ணாடியும் கோதாரியிலை போக! நான் பெட்டையிட்டை, "உன்ரை கொப்பர் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் அதிலை ஒரு பழைய மனிசனின்ரை பவிசை மட்டும் தான் கண்டனான், பிள்ளை" எண்டன். அவள், "உருக்கினால் அது திரும்ப அம்மாவின்ரை பொன். தாலியாப் போடுவன், சாகும் வரைக்கும் போடுவன்" எண்டாள். பிறகு கேட்டாள், "அவர் ஓம் எண்டு எழுதிப்போட்டாராமே? நான் அவருக்கு எழுதேலாது, மாமி. நீங்கள் எழுதுவியளோ?"

அதுக்குள்ளை நானா சேலைக் கட்டோடை வந்திட்டார். அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, சிவப்பிலை ஒண்டைக் காட்டி, இது நல்லாயிருக்கு எண்டாள். அதையே எடுத்தம். வாயில்லாப் பூச்சி எண்டு நினைச்ச என்ரை புத்தியை நான் றெயிலிலை வரேக்கை நல்லா ஏசினன்.

இனி வாற வெள்ளிக்கிழமை பொன்னுருக்கிலை நடக்கப்போறதைச் சொல்லுறன். நீ வியாழன் இரவு றெயிலிலை ஏறி விடிய வந்து இறங்குவாய். குளிச்சு, வேட்டி கட்டி, சாமி கும்பிட்டு வந்து இருப்பாய். பத்தர் முன் மண்டபத்திலை சட்டியிலை கரி மூட்டியிருப்பார். எங்கட ஆக்கள் ஒரு பக்கம். கொட்டாஞ்சேனை ஆக்கள் மற்றப் பக்கம், முதலியார் முன் கதிரையிலை, கோட்டுப் போட்டுக்கொண்டு. நான் வெத்திலைத் தட்டத்தைக் கொண்டுவந்து உனக்கு முன்னாலை வைப்பன். அதிலை தாலிக்கு உருக்கவெண்டு வேறையா எடுத்த எங்கட பவுண் ஒண்டு இருக்கும். பக்கத்திலை ஜுபிலிக் காசு ரெண்டும் இருக்கும். உன்ரை கையாலை எடுத்துப் பத்தரின்ரை கையிலை குடுக்கவேண்டியது நீ. பத்தர் தன்ரை பாட்டிலை கேப்பார், "தம்பி, எது?" எண்டு. எல்லாரும் உன்ரை கையைத் தான் பாத்துக்கொண்டிருப்பினம்.

நான் இதைக் களவாச் செய்யலாம். இண்டைக்கே பத்தரைக் கூப்பிட்டு ஊதி உருக்கிப்போட்டு, வெள்ளிக்கிழமை ஒரு உருண்டையைக் காட்டினால் முடிஞ்சுது. செய்யமாட்டன். தாலி கட்டப்போறது நீ, நானில்லை. திருப்பிக் குடுக்கிறதும் சரிவராது. பொன் உருக முந்திப் பெட்டியைத் திருப்பிக் குடுத்தால் அந்தாள் துள்ளிக்கொண்டு எழும்பிக் கலியாணத்தை நிப்பாட்டிப்போடும். பெட்டை திரும்ப அந்த இருட்டுக்கை பஞ்சு வைச்சுத் துடைச்சுக்கொண்டிருக்கும். ஆனால் பொன் உருகின பிறகு எங்கட சனத்திலை ஆரும் கலியாணத்தை நிப்பாட்டினதில்லை. நிப்பாட்டினால் ஊர் முதலியாரைக் காறித் துப்பும், அது அவருக்கு நல்லாத் தெரியும். நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டதிலை உயிர் வாழுற மனிசன், வாயைப் பொத்திக்கொண்டு தான் இருப்பார். கத்தினால் கத்தட்டும். மாப்பிளை வீட்டாற்றை பொன்னிலை தான் தாலி எண்டு ஆரும் வழக்கம் கதைக்க வந்தால், எங்கட பவுணும் அதோடை சேந்து தான் உருகுது எண்டு நான் சொல்லிக்கொள்ளுவன். அது என்ரை வேலை. ஆனால் உன்ரை மாற்றம் போயிடும். அதை மறைச்சு எழுத நான் முதலியார் இல்லை. கனகாலம் பதுளையிலையே கிடக்க வேண்டி வரும், குளிரிலை. பரிமளத்தையும் அங்கை தான் கூட்டிக்கொண்டு போகவேணும். அங்கை வீட்டுக்கு யன்னல் இருக்குத் தானே? அவளுக்கு அது காணும்.

நீ பவுணை மட்டும் எடுத்துக் குடுத்தாலும் நான் சபையிலை ஒரு சத்தமும் போடமாட்டன். தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளுக்கை போவன். பத்தர் வளையம் கட்டுவார், கோட்டை ஒரு பக்கமும் கோபுரம் மற்றப் பக்கமுமாத் தொங்கும், நீ கட்டுவாய், மேளம் அடிக்கும், முதலியார் போட்டோக்காரனைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டுவார். உனக்குக் கொழும்பு கிடைக்கும். எனக்கும் பக்கத்து அறையிலை உன்ரை இருமல் கேக்கும்.

பொன்னுருக்கி முடிய, வழக்கப்படி எங்கட பொம்பிளையள் பலகாரத் தட்டங்களோடை கொட்டாஞ்சேனைக்குப் போறது, அங்கை கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட. நான் முன்னுக்குப் போவன். பரிமளம் வெளியிலை வரக்கூடாது, அறை வாசலிலை தான் நிப்பாள். அத்தனை சனத்துக்கை அவள் என்னட்டை ஒரு சொல்லும் கேக்கேலாது, நானும் சொல்லேலாது. என்ரை முகத்தைத் தான் பாப்பாள். எனக்கு முகத்திலை ஒண்டையும் மறைக்கத் தெரியாது.

அம்மா